பதிவு செய்யாத கூட்டு ஒப்பந்தமும் நின்றுபோன மூன்றரை லட்சமும்

கரூரில் நானும் என் மைத்துனரும் படுக்கை விரிப்புத் தொழிலைத் தொடங்கியபோது, முத்திரைத்தாளில் கூட்டு ஒப்பந்தம் எழுதி, அதைக் காட்டியே பான் எண், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு மூன்றையும் பெற்றுவிட்டதால், சட்டப்படி செய்ய வேண்டிய அனைத்தையும் முடித்துவிட்டதாகவே நம்பினோம்.

வெளியூர் வியாபாரி ஒருவர் மூன்றரை லட்சம் ரூபாயை நிறுத்தி வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. பில்களையும் லாரி ரசீதுகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வழக்கறிஞர் முதலில் கேட்டது நிறுவனப் பதிவுச் சான்றிதழை. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 69ஆம் பிரிவின்படி, பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள்மீது வழக்குத் தொடர முடியாது. நம்மீது அவர் தொடரலாம். பதிவு கட்டாயமில்லை என்பதால் யாரும் இதை எங்களிடம் சொல்லவில்லை என்பது இன்றும் வருத்தமே.

எல்எல்பியாக, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையாக, மாற்றலாமா என்றும் யோசித்தோம். அதில் கூட்டாளியின் பொறுப்பு அவர் போட்ட முதலோடு நிற்கும். ஆனால் வங்கிக் கடனுக்கு எங்கள் வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்ததால், அந்தப் பாதுகாப்பு எங்களுக்குப் பெரிதாக உதவாது. மேலும் எல்எல்பி என்றால், வியாபாரமே இல்லாத ஆண்டிலும் ஆண்டறிக்கையான படிவம் 11, கணக்கு அறிக்கையான படிவம் 8 இரண்டையும் தாக்கல் செய்தாக வேண்டும்.

ஆகவே இருவரும் கையெழுத்திட்ட விண்ணப்பத்தையும் ஒப்பந்தத்தையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அளித்துப் பதிவு செய்தோம். பாக்கிக்காக வழக்குத் தொடர்வதற்கான மூன்று ஆண்டுக் காலவரம்பு முடியாதிருந்ததால், சான்றிதழ் கைக்கு வந்த பிறகே வழக்கைத் தாக்கல் செய்தோம்.