விமான நிலையக் கட்டுமானத்தில் கோட்டை விடும் இடங்கள்

வருஷத்துக்கு இத்தனை லட்சம் பயணிகள் என்ற எண்ணை வைத்து டெர்மினலின் அளவை முடிவு செய்வதில்தான் முதல் கோளாறு. நெரிசலான ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. ஏ320 விமானத்தில் சுமார் 180 இருக்கைகள். இரண்டு அடுத்தடுத்து இறங்கினால் 360 பேர். இமிக்ரேஷனில் ஆளுக்கு 2 நிமிடம், 4 கவுண்டர் என்று வைத்தால் கடைசி ஆள் வெளியே வர 3 மணி நேரம். ஹாலைப் பெரிதாக்கினால் நிற்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். வரிசை நகரக் கவுண்டர் கூடவேண்டும்.

மதுரை மாதிரி ஊரில் வெளிவாசலை அலட்சியம் செய்யவே கூடாது. ஒருவர் துபாய்க்குக் கிளம்பினால் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வேன் பிடித்து வீடே வழியனுப்ப வரும். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. வரைபடத்திலோ வாசலுக்கு முன்னால் கார் வந்து போகும் பாதை மட்டும்தான் இருக்கும். கூட வந்த பாட்டி எங்கே உட்காருவார்? நிழல், பெஞ்சு, குடிநீர், கழிப்பறை எல்லாமே வெளியிலும் வேண்டும். கூரை நடைமேடையோடு நின்றுவிடாமல் வண்டியின் டிக்கி வரை நீளவேண்டும். இல்லையென்றால் கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும் பெட்டி இறக்குபவர் தலையில்தான். நடைமேடை 15 செ.மீ. உயரம் என்றால், வீல்சேர் ஏற 1:12 சரிவுக்கு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்கில், 1.8 மீட்டர் நீளம் தேவை. இடமில்லை என்று செங்குத்தாகப் போட்ட சரிவில் வீல்சேரை ஏற்ற இரண்டு பேர் தள்ளவேண்டும்.

எடை மெஷினை செக்-இன் கவுண்டரில் மட்டும் வைப்பது இன்னொரு தவறு. முறுக்கு, பொடி, புடவை என்று வீட்டில் அடைத்த பெட்டியின் எடை அங்கே வந்துதான் தெரியும். 3 கிலோ அதிகம் என்றதும் தரையிலேயே பெட்டியைப் பிரிப்பார்கள். பின்னால் வரிசை அப்படியே நிற்கும். பயணியைக் குறை சொல்லிப் பயனில்லை. வரிசை தொடங்குமுன் இலவச எடை மெஷின் ஒன்றும், பெட்டியைத் திறந்து அடுக்க ஒரு மேசையும் போட்டால் போதும்.

எக்ஸ்ரே மெஷினுக்கு முன்னால் மேசை போடுபவர்கள் பின்னால் போட மறந்துவிடுகிறார்கள். பெல்ட்டை மாட்ட, லேப்டாப்பை எடுத்துவைக்க இடமில்லாமல் தட்டுகள் தேங்கினால் மெஷினையே நிறுத்தவேண்டி வரும்.

கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறந்தால், கைப்பெட்டியோடு நுழைந்தவரால் அதைச் சாத்த முடியாது. வெளிப்பக்கம் திறக்கட்டும், பை மாட்டக் கொக்கியும் இருக்கட்டும்.

அறிவிப்புப் பலகையை ஆங்கிலத்துக்கு அளந்துவிட்டு மிச்ச இடத்தில் தமிழைத் திணிக்கிறார்கள். 'பாதுகாப்புப் பரிசோதனை' என்பதைச் சின்ன எழுத்தில் நெருக்கினால் சுழிகள் அப்பிக்கொள்ளும். தமிழை முதலில் எழுதி, 20 மீட்டர் தள்ளி நின்று படித்துப் பார்த்த பிறகு பலகையின் அகலத்தை முடிவு செய்யுங்கள்.