ஓவர்க்ளாக் செய்யும்போது வோல்டேஜைக் கடைசியாகத் தொடுங்கள்

ஓவர்க்ளாக் என்றால் பிராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. இதற்கு இன்டெலில் பெயர் 'கே' என்று முடியும் பிராசஸரும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை வேகத்தை மாற்றும்படி திறந்தே வரும். ஆனால் ஏ320, ஏ520 போர்டுகள் உதவாது.

எதையும் மாற்றுமுன் பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை 10 நிமிடம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் வெப்பத்தைப் பாருங்கள். இப்போதே 85 டிகிரியைத் தாண்டினால் முதலில் கூலரை மாற்றுங்கள்.

பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்ணான மல்டிப்ளையரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அது பெருக்கும் அடிப்படைக் கடிகார வேகம் 100 மெகாஹெர்ட்ஸ். எனவே 45 என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் சினிபெஞ்ச் ஒருமுறை. உறைந்தாலோ நீலத்திரை வந்தாலோ ஒரு படி இறங்குங்கள். தொடக்கத்தில் அங்கேயே நிற்பது நல்லது. மேலே போகத்தான் வேண்டுமென்றால் வோல்டேஜை 0.01, 0.02 வோல்ட் என்று மட்டும் கூட்டுங்கள். 1.35-ஐத் தாண்ட வேண்டாம். வெளிப்படும் வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 1.25-இலிருந்து 1.35-க்குப் போனால், வேகம் மாறாமலே சுமார் 17 சதவீதம் கூடுதல். வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டால் சில போர்டுகள் தேவைக்கு மேல் ஏற்றிவிடும், கவனம்.

ராமின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்எம்பி அமைப்பை இந்தச் சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் பிழை ராமிலா பிராசஸரிலா என்று பிடிபடாது.

இறுதியில் நிலைத்தன்மையைச் சோதிக்கும் ஓசிசிடி மென்பொருளை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். திரை உறையாவிட்டாலும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'வீயா' (WHEA) எனும் வன்பொருள் பிழை பதிவாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேகம் நிலையாக இல்லை, ஃபைல்கள் சத்தமில்லாமல் கெடலாம்.

கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லையா? மின்கம்பியைப் பிடுங்கி, போர்டிலுள்ள வட்ட பேட்டரியை 5 நிமிடம் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் பழைய அமைப்பு திரும்பிவிடும்.