பெரிய நம்பரை உடைக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

பாளையங்கோட்டைல வீட்டு மாடில சாயங்காலம் போட்டித் தேர்வுக்கு படிக்க பிள்ளையளுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கேன். போன வாரம் நம்ம பின்கோடு 627002-க்கு மொத்தம் எத்தன வகுத்தி, அதாவது மீதியில்லாம அத வகுக்குற எண்ணு, இருக்குன்னு கேட்டேன், பகா எண்ணுகளா உடைச்சு எண்ணணும், ஆறு பேர்ல நாலு பேரு 8-ன்னாவ. எனக்கு சுர்ருன்னு ஏறிட்டு, ஏன்னா நானும் அதே பள்ளத்துல விழுந்து எந்திரிச்சவன்தான். மீதிய தப்பா போட்டேன், கூட்டல்ல விட்டேன்ங்கற கதையெல்லாம் இங்க வேண்டாம்.

ஒருக்கா வகுத்த நம்பரை அத்தோட விட்டுட்டு ஓடுறது

627002-ஐ 2-ஆல வகுத்தா 313501. பெறகு 3, 5, 7-ன்னு 31 வரைக்கும் ஒண்ணுக்கும் மசியாது, 37-க்குத்தான் போவும், 8473 வரும். இங்கதான் பய 37 சோலி முடிஞ்சுட்டுன்னு 41-க்கு தாவிருதான். 41-ல இருந்து 89 வரைக்கும் எதுல வகுத்தாலும் மீதி நிக்கும், அடுத்த 97-ஓட வர்க்கம் 9409, அது 8473-ஐ தாண்டிட்டு, அப்போ 8473 பகா எண்ணுதான்னு முடிச்சு 2×37×8473, வகுத்தி 8-ன்னு எழுதிருதான். திருப்பி பெருக்கிப் பாத்தாலும் 627002 அச்சு அசலா வருது, அதான் எனக்கு எரிச்சலே, செக் பண்ணவனும் மாட்டிக்கிடுதான்! 8473-ஐ இன்னொரு தடவ 37-ஆல வகுங்க, 229 வரும். சரியானது 2×37²×229, ஒவ்வொரு அடுக்கோடயும் 1 கூட்டி பெருக்குனா வகுத்தி (1+1)×(2+1)×(1+1) = 12. வகுத்தியள கூட்டுனா வாரது 970830, தப்பா உடைச்சவனுக்கு 966036 வரும், இப்பிடி அடுத்தடுத்து எல்லாமே கோணிரும்.

எனக்கு பரீட்சைல வந்தது 3887. 13-ல போச்சு, 299 வந்துச்சு, 17-ஐ பாத்தேன் போகல, 299 பகா எண்ணுன்னு 4 வகுத்திய டிக் அடிச்சிட்டு தெம்பா வெளிய வந்தேன். 299-ங்கறது 13×23. விடை 6, அதுவும் ஆப்ஷன்ல பக்கத்துலயே கெடந்துருக்கு. ஒரு மார்க்குல வேல போச்சு, வீட்டுல இன்னைக்கும் சொல்லிக் காட்டுதாவ.

ஒரு நம்பர்ல போச்சுன்னா, இனி போகாதுங்கற வரைக்கும் அதையே போட்டு வகுங்க. பொறவு அடுத்ததுக்கு போங்க.

அவசரப்பட்டு பகா எண்ணுங்கறது

திருநெல்வேலி ஜங்ஷன் பின்கோடு 627001-ஐ 13 வரைக்கும் பாத்துட்டு கைய தட்டிட்டு எந்திரிச்சிருதாவ. அது 71×8831. வர்க்கமூலம் 791 சொச்சம், அதுவரைக்கும் உள்ள பகா எண்ண எல்லாம் பாக்கணும். பெரிய கணித மேதை ஃபெர்மாவே 4294967297-ஐ பகா எண்ணுன்னு நம்புனாரு, 1732-ல ஆய்லர்ங்கற இன்னொரு மேதை அத 641×6700417-ன்னு உடைச்சுட்டாரு.

அடுக்கோட 1 கூட்ட மறக்கது

37²-க்கு 37, 37² ரெண்டு மட்டுமில்ல, 1-ம் வகுத்திதாம்லே, அதான் 2+1.

எக்செல்ல 16 இலக்கம் போடுறது

15 இலக்கத்துக்கு மேல உள்ளத 0 ஆக்கிரும். ஒரு பிள்ள 9007199254740993-ஐ அதுல போட்டுட்டு, இது இரட்டை எண்ணு சார்னு எங்கிட்ட அரைமணி நேரம் சாதிச்சுது.