ரன்னிங் வாட்ச்சைச் சோதிப்பது எப்படி: ஒரு சர்வேயரின் வழி

எங்கள் ஓட்டக் குழுவில் யார் புது வாட்ச் வாங்கினாலும் ஓட்டம் முடிந்ததும் என் பக்கம் கையை நீட்டுவார்கள். "அண்ணா, எனக்கு 10.2 காட்டுது, உங்களுக்கு?" இரண்டும் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால் விலை குறைந்த வாட்ச்தான் குற்றவாளி.

நான் சாலைப் பணிகளில் சர்வேயராக இருந்தவன். இரண்டு வாட்ச் ஒரே எண்ணைக் காட்டினால் இரண்டும் ஒரே மாதிரி தப்பாகவும் இருக்கலாம். போனோடு ஒப்பிடுவதும் இதே கதைதான், அதுவும் ஜிபிஎஸ்தானே. முதலில் தரையில் அளந்த ஒரு தூரம் கையில் இருக்க வேண்டும். 1802-ல் வில்லியம் லாம்ப்டன், இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கியபோதுகூட, பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை, அதாவது மற்ற எல்லா அளவுக்கும் ஆதாரமான முதல் கோட்டை, சங்கிலி போட்டு அளந்த பிறகுதான் மற்ற வேலைக்குப் போனார்.

நமக்குச் சங்கிலி வேண்டாம். 400 மீட்டர் டிராக் போதும். அந்த 400 என்பது முதல் லேனில், உள் விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்த கணக்கு. இரண்டாவது லேனில் ஓடினால் ஒரு சுற்று சுமார் 407 மீட்டர், நான்காவது லேனில் 422-க்கு மேல். எனவே கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய், முதல் லேனை விட்டு விலகாமல் பத்துச் சுற்று ஓடுங்கள். 4 கி.மீ. வர வேண்டும். புது வாட்ச்களில் 'டிராக் ரன்' என்று தனி மோடு இருக்கும். லேன் எண்ணைக் கொடுத்தால் அது 400-இன் கணக்குக்குத் தூரத்தை ஒட்டவைத்துவிடும். தினசரிப் பயிற்சிக்கு அருமையான வசதி, சோதனைக்கு ஆகாது. கேள்வித்தாளோடு விடையையும் கொடுத்த மாதிரி. சாதாரண அவுட்டோர் ரன் மோடில் ஓடுங்கள்.

ஓடுவதற்கு முன் சில வேலைகள். வாட்ச்சின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். போனோடு சிங்க் செய்யுங்கள்: செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கும் என்ற முன்தகவல் போன் வழியாக வந்துவிட்டால் சிக்னல் சில நொடிகளில் கிடைக்கும், இல்லாவிட்டால் வாட்ச் அதை வானத்திலிருந்தே மெதுவாக இறக்கிக்கொள்ள வேண்டும். வாட்ச் இடத்தைப் பதியும் இடைவெளியை ஒரு நொடிக்கு மாற்றுங்கள். 'ஸ்மார்ட்' என்று விட்டால் சில வாட்ச்கள் புள்ளிகளைக் குறைத்துப் பதியும், வரைபடத்தை ஆராய அது உதவாது. 'ஜிபிஎஸ் ரெடி' என்று வந்ததும் பாயாமல் திறந்த வெளியில் இன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். முதல் கிலோமீட்டர் கோணல்மாணலாக வருவதற்குப் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம்.

இப்போது முக்கியமான விஷயம். மொத்தத் தூரம் சரியாக வந்துவிட்டது என்பதற்காக வாட்ச்சை நம்பிவிடாதீர்கள். வளைவில் புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோடு போட்டால் தூரம் குறையும். நேரான பாதையில் புள்ளிகள் இடமும் வலமும் ஆடினால் தூரம் கூடும். இந்த இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 4.00 என்று அழகாக வந்து நிற்கலாம். அதனால் ஆப்பில் சாட்டிலைட் படத்தின் மேல் உங்கள் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். பத்துச் சுற்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு மெல்லிய பட்டையாக விழுந்தால் நல்ல வாட்ச். புல்தரைக்குள்ளும் பார்வையாளர் படிக்கட்டிலும் நீங்கள் ஓடியதாகக் காட்டினால், மொத்தம் எவ்வளவு என்பது எனக்குத் தேவையில்லை.

டிராக் எளிதான தேர்வு, மேலே முழு வானம் இருக்கிறது. அடுத்து நீங்கள் தினமும் ஓடும் இடத்துக்கு வாருங்கள். சென்னையில் நான் மூன்று வகை இடம் சொல்வேன். மெரினா ஓரம் காமராஜர் சாலை: திறந்த வெளி, போய்த் திரும்பினால் இரண்டு கோடுகளும் சாலையின் சரியான பக்கத்தில் தனித்தனியாக விழ வேண்டும். பெசன்ட் அவென்யூ: தியசாபிகல் சொசைட்டி மரங்களின் நிழல். மழை பெய்து இலை நனைந்திருக்கும்போது இன்னும் நல்ல சோதனை. மூன்றாவது, வடபழனி - அசோக் நகர் நூறடிச் சாலை: தலைக்கு மேல் மெட்ரோ பாலம், பக்கத்தில் கட்டடங்கள்.

அந்த மூன்றாவது இடத்தில்தான் விலை வித்தியாசம் தெரியும். செயற்கைக்கோள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. சிக்னல் எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத்தான் தூரத்தை வாட்ச் கணக்கிடுகிறது. கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் கொஞ்சம் தாமதமாக வரும், உடனே வாட்ச் உங்களை எதிர்ச்சாரி கடைக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். இரட்டை அலைவரிசை வாட்ச்கள் வழக்கமான எல் 1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்) உடன் எல் 5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) சிக்னலையும் வாங்குகின்றன. நேராக வந்ததையும் பட்டுத் திரும்பியதையும் பிரித்தறிய எல் 5 அதிகம் உதவும். ஆனால் நீங்கள் ஓடுவது கடற்கரையிலும் இ.சி.ஆரிலும் மட்டும்தான் என்றால், இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் வரிசை, ஒரு நாளைக்கு நாலு நிமிடம் முன்னதாக, ஏறக்குறைய அப்படியே திரும்ப வரும். அதாவது தினமும் காலை ஐந்தரைக்கே ஓடினால் ஏறக்குறைய அதே வானத்தைத்தான் சோதிக்கிறீர்கள். ஒரு மாலையும் ஓடிப் பாருங்கள்.

எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம்? திறந்த வெளியில் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் எனக்குச் சம்மதம். மாரத்தானில் அது 422 மீட்டர். ஆறு நிமிட பேஸில், அதாவது கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில், ஓடுபவருக்கு இரண்டரை நிமிடம். பந்தயத்தில் வாட்ச் கூடுதலாகக் காட்டினால் உடனே அதைத் திட்டாதீர்கள். முறையாக அளந்த பாதையில், ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியைத்தான் சைக்கிள் வைத்து அளப்பார்கள், அதிலும் குறைந்துவிடக்கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்ப்பார்கள். நீங்கள் தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, ஆட்களைச் சுற்றி வளைந்து ஓடினால் கூடத்தான் செய்யும். பந்தய நாளில் ஆட்டோ லேப்பை (வாட்ச் தன் கணக்கில் ஒவ்வொரு கிலோமீட்டரையும் தானே பிரித்துக் குறிப்பது) அணைத்துவிட்டு, கி.மீ. பலகை வரும்போது லேப் பட்டனை நீங்களே அழுத்துங்கள்.

அப்புறம் பேஸ். டிராக்கின் நேர்ப்பகுதியில் திடீரென்று வேகம் கூட்டி, எத்தனை நொடி கழித்துத் திரையில் மாறுகிறது என்று பாருங்கள். எல்லா வாட்ச்சும் கொஞ்சம் பின்தங்கும். திரையில் லேப் பேஸை, அதாவது அந்த லேப்பின் சராசரி பேஸை, வைத்துக்கொள்வது மேல்.

இதயத் துடிப்பைச் சோதிக்க, மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் பட்டைதான் அடிக்கோடு. அது இல்லையென்றால், மெதுவாக ஓடும்போதே வாட்ச் 170-க்கு மேல் காட்டினால் உங்கள் கேடன்ஸையும் (நிமிடத்துக்கு எத்தனை காலடி) பாருங்கள். இரண்டும் ஒட்டியே போனால், வாட்ச் துடிப்பை விட்டுவிட்டு உங்கள் காலடியை எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். நின்று, கழுத்தில் விரல் வைத்துப் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தெரிந்துவிடும். வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு மேலே தள்ளி இறுக்கமாகக் கட்டினால் பாதிப் பிரச்சினை போய்விடும். விஓ2 மேக்ஸ் எண் (உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்ற வாட்ச்சின் மதிப்பீடு) மே மாதம் இறங்கினால் கவலைப்படாதீர்கள். புழுக்கத்தில் அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறும், வாட்ச் அதை உடல்தகுதி குறைந்ததாக எடுத்துக்கொள்ளலாம். தூக்க மதிப்பெண், மன அழுத்த மதிப்பெண் எல்லாம் நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

வசதிகளில் நான் விட்டுக்கொடுக்காதது பட்டன். வேர்வை ஊறிய விரலைத் தொடுதிரை மதிக்காது. கடையில் விரலை நனைத்துக்கொண்டு லேப் போட முடிகிறதா என்று பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். வெயிலுக்கு வெளியே கொண்டுவந்து திரையைப் படித்தும் பாருங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் பேட்டரி மணிக்கணக்கு பெரும்பாலும் சிக்கன மோடுக்கானது. இரட்டை அலைவரிசை, எப்போதும் எரியும் திரை, பாட்டு எல்லாம் சேர்ந்தால் வேகமாகக் கரையும். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே அமைப்பில் ஒரு நீண்ட ஞாயிறு ஓட்டம் ஓடி, மணிக்கு எத்தனை சதவீதம் குறைகிறது என்று குறியுங்கள். உங்கள் மாரத்தான் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிப் பெருக்குங்கள். எழுபது சதவீதத்தைத் தாண்டினால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள், இரண்டு வருடத்தில் பேட்டரி இன்னும் தேய்ந்திருக்கும்.