1-11 பெரிதா, 0-13 பெரிதா? ரங்கூனிலிருந்து கேலிக் கால்பந்து பார்க்க

கேலிக் (Gaelic) கால்பந்து என்பது அயர்லாந்துக்காரர்கள் கையாலும் காலாலும் ஆடும் ஆட்டம். 2024 ஜூலை 28, அதன் அகில அயர்லாந்து இறுதிப் போட்டி. பாதியில் எங்கள் தெருவில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது போனில் முடிவு மட்டும் இருந்தது: ஆர்மா 1-11, கால்வே 0-13. பதின்மூன்றுதானே பெரிது என்று டீக்கடையில் நாலு பேருக்கு என் கணக்கில் டீயும் பலாத்தாவும் சொல்லிவிட்டேன். அக்கா மகள் கால்வேயில் நர்ஸ். வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டால், "மாமா, நாங்க தோத்துட்டோம்" என்கிறாள், அழாத குறை.

அதனால் முதலில் ஸ்கோர் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கோடுக்கு முன்னால் இருப்பது கோல், ஒன்றுக்கு மூன்று. பின்னால் இருப்பது பாயின்ட். ஆர்மாவுக்கு 3+11, பதினாலு. கால்வேக்குப் பதின்மூன்று. அவ்வளவுதான், என் டீக்காசு போனது.

கம்பம் இங்கிலீஷ் எழுத்து 'எச்' மாதிரி நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலையில் விழுந்தால் கோல், பச்சைக் கொடி. மேலே போனால் பாயின்ட், வெள்ளைக் கொடி. 2025-இல் புதிதாக 40 மீட்டர் வளைவு ஒன்று போட்டார்கள். அதற்கு வெளியிலிருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு பாயின்ட், ஆரஞ்சுக் கொடி. படம் மங்கலாக வந்தாலும் கொடியின் நிறம் தெரிந்துவிடும். நான் கொடியைத்தான் பார்ப்பேன்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு காலடிக்கு மேல் ஓடக்கூடாது. தரையில் தட்ட வேண்டும், அல்லது கால்விரலில் விட்டு மறுபடி கைக்கு எடுக்க வேண்டும். தரையில் தொடர்ந்து இரண்டு முறை தட்டக்கூடாது. கால்விரலில் தட்டுவதை நம் ஊர்க்காரனுக்கு விளக்கவே வேண்டாம். சாயங்காலம் தெருவில் பிரம்புப் பந்தை வைத்து சின்லோன் ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பக்குவத்தோடு, தோளால் இடிக்க வருகிற ஆளையும் சமாளித்து, முழு வேகத்தில் ஓட வேண்டும் என்றால் எப்படியிருக்கும்? அதுதான் இந்த ஆட்டம். இவ்வளவுக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை 82,000 பேர் கொள்ளும் குரோக் பார்க்கில் ஆடிவிட்டு, வாரநாளில் பள்ளிக்கூடத்துக்கோ பண்ணைக்கோ வேலைக்குப் போகிறவர்கள்.

ஆர்மா, கால்வே எல்லாம் மாவட்ட அணிகள். அப்புறம் நீங்களும் ஒரு மாவட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொந்த பந்தம் யாராவது இருக்கும் மாவட்டம் நல்லது. பிடித்ததை விடாதீர்கள். நான் 2025-இல் கெர்ரி ஆட்டக்காரர் டேவிட் கிளிஃபோர்டின் இடதுகாலைப் பார்த்துவிட்டு கெர்ரிக்குத் தாவினேன். அக்கா மகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சீசன் ஏப்ரலில் மாகாண ஆட்டங்களோடு தொடங்கும். முடிவது ஜூலைக் கடைசியில். (கானாட் மாகாணத்தில் நியூயார்க்கும் லண்டனும்கூட ஆடும். ஏன் என்று கேட்காதீர்கள், பிழைக்கப் போன ஜனம் எங்கேயும் அப்படித்தான்.) நடுவில் உள்ள முறையை அடிக்கடி மாற்றுவார்கள், அந்தந்த வருடம் தொடங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். 2025-இல் நாலு நாலு அணியாக நாலு குரூப். கெர்ரி தன் குரூப்பில் மீத்திடம் தோற்றது. சரி, கதை முடிந்தது என்று நோட்டை மூடி வைத்துவிட்டேன். மூடியிருக்கக் கூடாது, குரூப்பில் மூன்றாவதாக வந்தாலும் அந்த வருடம் வழி இருந்தது. அதே கெர்ரி காலிறுதியில் நடப்புச் சாம்பியன் ஆர்மாவைத் தூக்கியடித்தது. இறுதியில் டோனிகால் 0-19, கெர்ரி 1-26. இந்தத் தடவை நானே கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீ சொன்னேன்.

நேரம்: சீசன் முழுக்க அயர்லாந்து மணியோடு ஐந்தரை மணி கூட்டினால் போதும். அந்த இரண்டு இறுதிப் போட்டியும் அங்கே பிற்பகல் 3.30, நமக்கு இரவு 9. ஆட்டம் 70 நிமிடம். இடைவேளையையும் சேர்த்து பேட்டரிக்கு இரண்டு மணி நேரம் கணக்கு வையுங்கள். எட்டு மணிக்கே போனை முழுசாகச் சார்ஜ் போட்டுவிடுங்கள். அப்படியும் நெட் போய்விட்டால், அங்கே இருக்கிற சொந்தக்காரரிடம் ஸ்கோர் கேட்கலாம். நான் அக்கா மகளிடம்தான் கேட்கிறேன். கெர்ரி ஜெயிக்கிற நாளில் பதில் வர மறுநாள் ஆகும்.