விசிறிச் சத்தம்: காசைக் கரைக்கும் தவறுகள்

கம்ப்யூட்டரின் இரைச்சலைக் குறைக்கக் கிளம்புகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். பெரும்பாலும் நான் விழுந்து எழுந்த குழிகள். தூசி தட்டுவது, காற்று வழியை அடைக்காமல் வைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

எது கத்துகிறது என்று பார்க்காமல் புது விசிறி வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டர், ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே 'உய்ய்' என்று எகிறும், இரண்டு நொடியில் அடங்கும், மறுபடி எகிறும். அவர் யாரையும் கேட்கவில்லை. அட்டையில் 'ஓசையற்றது' என்று அச்சிட்ட விலையுயர்ந்த விசிறிகள் மூன்றை வாங்கி கேபினெட்டில் மாட்டினார். சத்தம் கூடிவிட்டது.

எகிறியது கேபினெட் விசிறியே அல்ல, பிராசஸர் மேல் உட்கார்ந்திருந்த விசிறி. போதாக்குறைக்கு, புதிய விசிறிகளின் இணைப்பியில் மூன்று 'பின்'கள் (ஊசி முனைகள்) மட்டுமே. மதர்போர்டோ நான்கு 'பின்' உள்ள விசிறிக்கான பிடபிள்யூஎம் (PWM) முறையில் இருந்தது. அந்த முறையில் 12 வோல்ட் குறையாமல் போய்க்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் சமிக்ஞை நான்காவது பின்னில்தான் வரும். அந்தப் பின் இல்லாத விசிறிக்கு முழு வேகம் ஒன்றுதான் தெரியும். கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில், வோல்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் டிசி முறைக்கு மாற்றியதும் மூன்றும் அடங்கின.

பிராசஸர் விசிறிக்கான மருந்தும் பயாஸில்தான் இருந்தது. பிராசஸரின் வெப்பம் கண நேரத்தில் 10, 15 டிகிரி ஏறி இறங்கும். அதை விசிறி துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அவ்வளவு சூட்டை, பிராசஸர் மேல் இருக்கும் உலோகக் கட்டியான ஹீட் சிங்க்கே தாங்கிக்கொள்ளும். வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதம் வைத்து, 60 டிகிரி வரை வேகத்தை ஒரே மட்டத்தில் நிறுத்தினோம். காலணா செலவில்லை. ஒரு விசிறியின் வேகம் பாதியானால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் இறங்கும். இதற்கா மூன்று விசிறி?

கத்துவது எது என்று கண்டுபிடிப்பதும் எளிது. கேபினெட் விசிறியின் நடுக்குமிழில், இறக்கையைத் தொடாமல், ஓரிரு நொடி விரலை மெதுவாக அழுத்தி நிறுத்துங்கள். சத்தமும் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். எந்த வேகத்திலும் கரகரவென்று அரைத்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது தாராளமாகப் பர்ஸைத் திறக்கலாம்.

உட்புறம் முழுக்கப் பஞ்சு ஒட்டுவது

ஒலியை விழுங்கும் பஞ்சு, வெப்பத்தையும் உள்ளேயே பிடித்துவைக்கும். வெப்பம் ஏறினால் விசிறியின் வேகமும் ஏறும். கடனை அடைக்கக் கடன் வாங்கும் கதைதான்.

தூசி போகக் காற்றடிக்கும்போது விசிறியைச் சுழலவிடுவது

விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பீய்ச்சும் காற்று விசிறியை அதன் வரம்பைத் தாண்டிச் சுழற்றினால் பேரிங் கெடும்.

பவர் சப்ளையைத் திறந்து விசிறி மாற்றுவது

வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். சத்தம் அங்கிருந்து வந்தால் பவர் சப்ளையையே மாற்றிவிடுங்கள்.