ஃபிரேம் துருவில் நாம் செய்யும் கூத்து

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் பழைய ஆர்எக்ஸ் 100 பைக் ஃபிரேமைத் தோளில் போட்டுக்கொண்டு திருவொற்றியூரில் இருக்கும் என் ஷெட்டுக்கு வந்தான். "அண்ணா, எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க! நாளைக்கே கறுப்பு அடிச்சிடலாம்." வெள்ளி மாதிரித்தான் இருந்தது. கிட்டப் போனதும் மூக்கில் ஏறிய நெடியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு முன் நானே செய்த அதே கூத்து.

கிரீஸைத் துடை, பழைய பெயின்ட்டைச் சுரண்டு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். அதற்கப்புறம் நாம் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

பாத்ரூம் ஆசிட்

கடையில் பாட்டிலில் விற்கும் அந்த ஆசிட், ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைத் தின்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் இரும்பு வெளுத்துவிடும், நாமும் மயங்கிவிடுவோம். ஆனால் துரு போன இடத்தில் அது குளோரைடை விட்டுவிட்டுப் போகிறது. இரும்போடு சேர்ந்த குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் மறுபடி துரு, கூடவே மறுபடி கொஞ்சம் அமிலம். அது அடுத்த இடத்து இரும்பை அரிக்கும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

வெறும் தகடு என்றால் நன்றாகக் கழுவித் தப்பிக்கலாம். பைக் ஃபிரேம் குழாயாயிற்றே. வெல்டிங் ஓரம், ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய பட்டைகளின் இடுக்கு, துளை வழியே குழாயின் வயிறு என்று ஆசிட் புகாத இடமில்லை. அங்கெல்லாம் கழுவுகிற தண்ணீர் போய்ச் சேராது.

என் புல்லட் ஃபிரேமுக்கு நான் ஆப்பசோடா கரைத்து ஊற்றினேன், பெரிய விஞ்ஞானி மாதிரி. சோடா ஆசிட்டை அடக்கும், சரி. அப்படி அடக்கும்போது உண்டாவது என்ன? சாட்சாத் சாப்பாட்டு உப்பு! குளோரைடு எங்கேயும் போகவில்லை. தை மாசம் பெயின்ட் அடித்தேன். ஆவணியில் சீட்டுக்குக் கீழே வெல்டிங் ஓரமாகக் கடுகு கடுகாகக் கொப்புளம். நகத்தால் கீறினால் அப்பளம் மாதிரி உரிந்தது, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஈரம். வண்டியை மறுபடி முழுசாகக் கழற்றி, சாண்ட் பிளாஸ்டிங் (மணலைக் காற்றோடு பீய்ச்சித் துருவை எடுப்பது) கொடுத்து, பெயின்ட் கூலியை இரண்டாம் தடவை அழுதேன்.

அதோடு போச்சா? ஆசிட் பாட்டிலைச் சரியாக மூடாமல் ஷெட்டில் வைத்திருந்தேன். அதன் புகையில் ஸ்பேனர் செட், டிரில் சக், அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் துருப்பிடித்தன. ஸ்பேனர் போனால் போகட்டும். தையல் மெஷின் கதையை அம்மா விருந்தாளிகளிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி கேட்டு வாங்குங்கள். அது இரும்பின் மேல் பாஸ்பேட் படலத்தை விட்டுச் செல்லும், பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் நன்றாகப் பிடிக்கும். செதில் செதிலாக இருக்கும் துருவைத் தட்டி எடுத்த பிறகே தடவ வேண்டும். சில சரக்கைக் கழுவ வேண்டும், சிலதை அப்படியே காயவிட வேண்டும். டப்பாவில் போட்டிருப்பதைப் படியுங்கள். அப்புறம், எந்த ஆசிட்டானாலும் பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு, நேரே நுரையீரலுக்கு.

வயர் வீல் பளபளப்பு

கிரைண்டரில் வயர் வீல் மாட்டி ஓட்டினால் துருவும் பாலிஷ் ஆகி இரும்பு மாதிரி மின்னும். குழிகளின் அடியில் பாருங்கள், கறுப்பாக உட்கார்ந்திருக்கும். அங்கே 80 நம்பர் உப்புத்தாளும் பொறுமையும்தான் வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது வெல்டர் வேலை, பெயின்டரைக் கூப்பிடாதீர்கள்.

இன்றைக்கு பிளாஸ்டிங், ஞாயிற்றுக்கிழமை பிரைமர்

கடற்கரை ஊரில் இது நடக்காது. பிளாஸ்டிங் முடிந்த இரும்பை ஒரு ராத்திரி வெளியில் வைத்தால் காலையில் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். அன்றைக்கே இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் வேண்டாம். இரும்பின் சூடு, காற்றின் ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். வெயில் ஏறிய முற்பகல் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே எடுக்காதீர்கள்.

பிளாஸ்டிங்குக்கு முன் கழுவுவதற்குப் போர் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். எங்கள் பக்கம் அதுவே உப்பு. மெட்ரோ தண்ணீர் வரும்வரை காத்திருங்கள்.

வெறும் கை

வியர்வையும் உப்புத் தண்ணீர்தான். கிளவுஸ்.

துரு மேல் பட்டி

பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி ஈரத்தைக் குடிக்கும். முதலில் எபாக்சி, அதன் மேல்தான் பட்டி.

சேசிஸ் நம்பர் மேல் கிரைண்டர்

வேண்டவே வேண்டாம். ஆர்டிஓ ஆபீஸில் நின்று விளக்கம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

வெளியே மட்டும் பார்ப்பது

குழாய் உள்ளிருந்துதான் சாகும். அடியிலுள்ள வடிகால் துளைகளைப் பெயின்ட்டால் அடைக்காதீர்கள். எல்லாம் காய்ந்தபின் துளை வழியே மெழுகு ஸ்ப்ரே உள்ளே விடுங்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது நம்பாத மாதிரிதான் பார்த்தான். "நான்தான் நல்லா கழுவிட்டேனே, அண்ணா." ஃபிரேமைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னேன். ஸ்டாண்ட் துளையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டு சொட்டாக அவன் செருப்பில் விழுந்தது. ஒன்றும் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு மெட்ரோ குழாய்ப் பக்கம் போனான்.